கண்புரை அறுவைக்குப் பின்: வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் தொடர்பாக ஏதேனும் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கண் மருத்துவப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் என்பதால் கண்புரையைப் பற்றி எழுதுவதே எனக்குப் பொருத்தமாகப் பட்டது. கண்புரை என்றால் என்ன, அறுவை எப்படி நடைபெறுகிறது என்பதையெல்லாம் மருத்துவர்கள் பல இடங்களில் விளக்கிவிட்டார்கள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. இக்காலத்தில் காலையில் அறுவை, மாலையில் வீடு என்றாகிவிட்டது. முன்பு வார்டில் தாதியர் ஒரு வாரம் செய்த பணிவிடையை இப்போது மகளும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் செய்ய வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

அறுவை செய்துகொண்ட நம் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். “மிஸ்ஸி, தலைக்கு எப்ப ஊத்தலாம்?” என்பது முதல் கேள்வி. மீன் சாப்பிடலாமா, டிவி பார்க்கலாமா, கோயிலுக்குப் போகலாமா என்று அடுத்தடுத்து வரும். சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று கேட்பவர் அரிது. இரவில் கண் வலித்தால் எங்கே ஓடுவது என்று கேட்பவர் அதனினும் அரிது. நம் வீடுகளில் பத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் தடுக்க வேண்டியதை விட்டுவிட்டுத் தடுக்க வேண்டாததைத் தடுக்கிறோம் என்பது நான் நெடுங்காலமாகக் கண்டுவருவது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் கண்புரைக்கான சிகிச்சை கூறப்பட்டுள்ளது. ஊசியைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கிவிடும் முறை அது. அதன்பின் நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும், இருமல், தும்மல், ஏப்பம், எச்சில் துப்புதல், தலையை அசைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. 1747ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் ஜாக் தாவியேல் புரையைக் கண்ணிலிருந்து வெட்டி வெளியே எடுத்தார். அன்று தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கருவிழியின் ஓரத்தில் ஏறக்குறைய அரை வட்டத்துக்குக் கீறித்தான் புரையை எடுத்தார்கள். நம் பாட்டன்மார் காலத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைக்கப்பட்டு நாட்கணக்கில் அசையாமல் கிடந்தார்கள். பிறகு சோடாப் புட்டியின் அடிப்பாகம்போல் தடித்த கண்ணாடி அணிந்து தோட்டத்து லயத்தில் தட்டித் தடவி நடந்தார்கள். மெல்வது கூடக் காயத்துக்கு ஆகாது என்று கஞ்சி மட்டும் கொடுத்த காலம் அது. அந்தக் காயத்துக்கு அந்தப் பத்தியம் முற்றிலும் சரியே. நம் பாட்டிமார் சொன்னதில் தவறில்லை.

அதன்பின் அறுவை மாறிவிட்டது. 1949ஆம் ஆண்டில் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்சைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் தெறித்துப் போய்த் தங்கியும், கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த பிறகே அவருக்கு அத்துணிவு பிறந்தது. 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், மனிதச் செவிக்குக் கேட்காத ஒலி அதிர்வினால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் பெரும்பாலோருக்குச் செய்யப்படுவது அதுதான். கீறல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலமே. பெரும்பாலும் தையல் கிடையாது. கீறல் தானாகவே மூடிக்கொள்ளும். புரை மிகவும் முற்றிக் கல்லாகிவிட்டவர்களுக்கு இப்போதும் பெரிய கீறலும் தையலும் தேவைப்படலாம். ஆகவே வீட்டுக்குப் புறப்படுமுன் “எங்கள் அம்மாவுக்குத் தையல் போட்டிருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தையல் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடும் நாட்களும் கூடும்.

தையலில்லாத சிறு கீறல்காரர் அன்று மாலையே உட்காரலாம், நடக்கலாம், செய்தித்தாள் பார்க்கலாம், தொலைக்காட்சியும் பார்க்கலாம். பார்ப்பதால் கண் தேய்ந்துவிடாது. உணவில் எந்தத் தடையும் இல்லை. மீன், கத்தரிக்காய், தக்காளி, முட்டை எதுவும் கண்ணுக்குச் சூடு ஏற்றாது. உண்மையில் வயதானவருக்கு அந்த வாரம் நல்ல சாப்பாடு வேண்டும். காய்கறி, பழம் குறைந்து மலச்சிக்கல் ஏற்பட்டு முக்குவதுதான் கண்ணுக்குக் கெடுதல். இருமல் இருந்தால் அதையும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அந்தச் சிறு கீறலின் வழியாகக் கிருமி உள்ளே நுழைவதில் இருக்கிறது. கண்ணின் உட்பகுதியில் சீழ் பிடிப்பதை மருத்துவர்கள் எண்டாப்தால்மைட்டிஸ் என்பார்கள். இது இப்போது மிக அரிது. ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாகவே வருகிறது. அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்து செலுத்தினால் இந்த அபாயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று, 16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2007இல் எடுத்துரைத்தது. அரிது என்றாலும், வந்தவருக்குப் பார்வை போய்விடக்கூடும். அதுவும் சில மணி நேரங்களில், சில நாட்களில்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். எழுபதைத் தாண்டிய அம்மா, தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் பேத்தியின் தோட்டில் இருந்த கல்லின் நிறத்தைச் சொன்னார். வீட்டில் கடும் பத்தியம். மீன் இல்லை, தக்காளி இல்லை, தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் துணி. நான்காம் நாள் கண் சிவந்தது. உஷ்ணம் என்று எண்ணி, பக்கத்து வீட்டில் சொன்னபடி நந்தியாவட்டைப் பூவை நீரில் நனைத்துக் கண்மேல் ஒற்றினார்கள். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை இரவு வலி. இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். திங்கட்கிழமைதான் மருத்துவர் வரச் சொல்லியிருக்கிறாரே, அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்ற எண்ணம். திங்கட்கிழமை போனபோது கருவிழிக்குள் சீழ் கோடு கட்டியிருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், மறுபடி அறுவை செய்தார்கள். கண் இருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது. கம்மல் கல்லின் நிறம் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தார் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். எதற்கு அஞ்ச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனவே ஒன்றை மட்டும் இம்மலரிலிருந்து கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவதானால் பின்வருவதை ஒட்டுங்கள். அறுவைக்குப் பின் கண்ணில் சற்றே உறுத்தல், மணல் விழுந்தாற்போன்ற அரிப்பு, நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல், இலேசான சிவப்பு ஆகியவை இயல்பு. நிறங்கள் நீலம் பூத்தாற்போல் பளிச்சென்று தெரிவதும் இயல்பே. பழுப்பேறிய பழைய லென்ஸ் போய்விட்டதல்லவா! இவை ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் கூடினால் அது ஆபத்தின் அறிகுறி. வலி அதிகமாகிறது, சிவப்பு ஏறுகிறது, இமை வீங்குகிறது, பீளை தள்ளுகிறது, நேற்றுத் தெரிந்தது இன்று மங்குகிறது என்றால், முக்கியமாக முதல் வாரத்தில், அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. கண் வலியோடு வாந்தியும் தலைவலியும் வந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரமே. மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல், இவை விழித்திரை பிரிவதைக் காட்டும். வாரங்கள், மாதங்கள் கழிந்த பின்னும் இது நேரலாம்.

அறுவை செய்த மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே தொடர்புகொள்ள இயலாவிட்டால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனை ஆகியவற்றின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். நடுநிசியானாலும், தீபாவளி நாளானாலும் போகலாம். “அஞ்சு நாளைக்கு முன்னால கண் ஆபரேஷன் ஆச்சு, இப்ப வலி, பார்வை மங்குது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வரிசையில் உட்கார்ந்து முறை வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

இனி சொட்டு மருந்து. கிருமியைத் தடுக்க ஒன்று, கண் வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு வகையில் ஒன்று எனப் பெரும்பாலும் இரண்டு வகை தருவார்கள். சில சமயம் இரண்டும் கலந்த ஒரே புட்டியாக இருக்கும். மருந்து விடுபவர் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புட்டியில் மருந்து பால்போல் வெண்மையாக இருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லையேல் மருந்தெல்லாம் அடியில் தங்கிவிட்டுத் தண்ணீர்தான் கண்ணில் விழும். பெரியவரை நாற்காலியில் சாய்த்தோ கட்டிலில் படுக்க வைத்தோ மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இலேசாக இழுத்தால் ஒரு பை போல் விரியும். அதில் ஒரு சொட்டு போதும். புட்டியின் மூக்கு இமையிலோ கண்மயிரிலோ படக்கூடாது. பட்டால் கிருமி புட்டிக்குள் குடியேறிவிடும். பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கை நடுங்கும் பெரியவர்கள் தாமே விட்டுக்கொண்டு கன்னத்துக்கு மருந்து கொடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறு ஆளில்லாவிட்டால் படுத்துக்கொண்டு விட்டுக்கொள்வது ஓரளவு எளிது. ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். காலண்டர் தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு முறையும் கோடு கிழித்து வைப்பது சிறந்தது. கண் தெளிந்துவிட்டதென்று இரண்டாம் வாரமே நிறுத்திவிடுபவர் உண்டு. நன்றாயிருக்கிறதே என்று மாதக்கணக்கில் கடையில் வாங்கி விட்டுக்கொண்டே இருப்பவரும் உண்டு. முன்னவருக்கு வீக்கம் திரும்பும். பின்னவருக்கு ஸ்டீராய்டு மருந்தினால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம், அது வலியில்லாமல் நடக்கும். திறந்த புட்டியைப் பெரும்பாலும் 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அண்ணனுக்குக் கொடுத்த மிச்சத்தைத் தம்பிக்கு விடுவது வேண்டாம். தாய்ப்பால், தேன், பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு இவற்றில் எதையும் அறுவை நடந்த கண்ணில் விடக்கூடாது. இவற்றுக்குச் சித்த மருத்துவத்தில் இடமிருக்கிறதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கீறல் உள்ள கண்ணுக்குள் கிருமி நீக்கப்படாத எதுவும் போகக்கூடாது, அவ்வளவே.

உறங்கும்போது கண்ணுக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் கவசம் தருவார்கள். முதல் வாரம் முழுவதும், மருத்துவர் சொன்னால் அதற்கு மேலும், இரவில் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். விழித்திருக்கும்போது கண்ணைக் கசக்கக் கூடாது என்ற நினைவு இருக்கும். தூக்கத்தில் கைக்கு அந்த நினைவு இராது. பகலில் அடிக்கும் பிற்பகல் தூக்கத்துக்கும் இது பொருந்தும். காலையில் இமையில் பீளை ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடைத்துவிட்டு அப்பஞ்சை எறிந்துவிட வேண்டும். முந்தானையால் துடைப்பது வேண்டாம்.

தலைக்குக் குளிக்கும் கேள்விக்கு வருவோம். கழுத்துக்குக் கீழே மறுநாளே குளிக்கலாம். தலைமுடியை முதல் ஒன்றிரண்டு வாரம், முடிதிருத்தும் கடைகளில் செய்வதுபோல் பின்னால் சாய்ந்துகொண்டு வேறொருவரைக் கொண்டு அலசிக்கொள்ளலாம். குழாய் நீரும் சோப்பு நுரையும் கண்ணுக்குள் போகாமல் இருப்பதே முக்கியம். நல்லெண்ணெய் தேய்த்துச் சிகைக்காய் போட்டுக் குளிப்பதைக் குறைந்தது ஒரு மாதம் ஒத்திவைக்க வேண்டும். அதற்குள் தீபாவளி வந்துவிட்டால் உச்சந்தலையில் ஒரு துளி எண்ணெய் தொட்டு வைத்து ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளட்டும். நீச்சல் குளம், மோரிப் கடல், ஆற்றுக் குளியல் எதுவும் ஒரு மாதத்துக்கு இல்லை.

இனி, இம்மலரின் வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமான விஷயம். கோயிலுக்குப் போகலாமா? போகலாம். ஆனால் முதல் இரு வாரம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் யாருடைய முழங்கை யார் கண்ணில் இடிக்கும் என்று யார் சொல்ல முடியும்? தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏற வேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் அடுத்த ஆண்டு ஏறலாம், முருகன் கணக்குப் பார்க்கமாட்டான். திருநீற்றை நெற்றியில் பூசும்போது தூள் கண்ணில் உதிர்கிறது. ஆகவே நீரில் குழைத்து மூன்று விரலால் மெல்ல இட்டுக்கொள்ள வேண்டும். அருள்வாக்குச் சொல்லுமிடங்களில் விபூதியை முகத்தில் ஊதுவதும், தீர்த்தத்தை முகத்தில் தெளிப்பதும் உண்டு. அங்கே வாய்திறந்து “கண்ணில் அறுவை நடந்திருக்கிறது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குருக்களும் பூசாரிகளும் இதைத் தவறாக எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை, அத்தனை பேர் தொட்ட தட்டின் மேல் போய் வந்த கை. இரு கைகளையும் கூப்பித் தலைக்குமேல் உயர்த்தினால் போதும்.

சாஷ்டாங்க நமஸ்காரம், தோப்புக்கரணம், அங்கப்பிரதட்சணம் ஆகியவை மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். செருப்பு மாட்டக் குனிவதால் ஒன்றும் ஆகாது. நெடுநேரம் தலை தாழ்ந்திருப்பதும், முட்டி மோதுவதும், பாரம் தூக்குவதுமே கண்ணுக்குள் அழுத்தம் ஏற்றும். பேரப்பிள்ளையைத் தூக்குவது, 10 கிலோ அரிசிப் பை, சமையல் வாயுத் தோம்பு, நிறைந்த வாளி இவையும் இரு வாரம் பிறர் பொறுப்பு. பேரப்பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம், அதன் விரல் எங்கே போகிறது என்று மட்டும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

அம்மாமார் அடுப்படியை விட்டு இருக்கமாட்டார்கள் என்பது தெரிந்ததே. கடுகு தாளிப்பதையும் மிளகாய் வறுப்பதையும் முதல் வாரம் மருமகளிடம் விட்டுவிட்டுக் காய்கறி நறுக்கலாம். மிளகாய் அரிந்த கையை மறக்காமல் கழுவ வேண்டும். சாம்பிராணிப் புகையும் கற்பூரப் புகையும் பூசையறையை நிரப்பாதபடி சன்னலைத் திறந்து வைக்கலாம். கண் மை ஒரு மாதத்துக்கு வேண்டாம். வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்தால் வெயிலும் தூசியும் தடைபடும். புகைமூட்டக் காலத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் காற்றுத் தூய்மைக்கேடு 500 புள்ளியைத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாட்களில் அறுவை செய்துகொண்டவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பதே நலம். எரிச்சலில் கண்ணைக் கசக்கிவிடுவார்கள் என்பதே முதற்கவலை.

நம் சமுதாயத்தில் கண்புரையைப் பற்றிப் பேசினால் இனிப்பு நீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்நாட்டில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நீரிழிவுக்காரருக்குப் புரை இளமையிலேயே வருகிறது, அறுவைக்குப் பின் கிருமி தொற்றும் வாய்ப்பும் விழித்திரை வீங்கும் வாய்ப்பும் கூடுதல். கண்ணைக் கவனிக்கும் பரபரப்பில் இன்சுலினையும் மாத்திரையையும் மறந்துவிடும் வீடுகள் உண்டு. நலம் விசாரிக்க வருகிறவர்கள் இலட்டும் கேசரியும் கொண்டுவருவதும் நம் வழக்கம். விரதம் இருக்க எண்ணினால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இருக்கட்டும். புரை எடுத்தும் பார்வை முழுதாகத் தெளியவில்லையென்றால் பல நேரங்களில் குற்றம் லென்சில் இல்லை, நீரிழிவு முன்பே கெடுத்துவைத்த விழித்திரையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அறுவைக்குப் பின்னும் தொடர வேண்டும்.

பிரிக்பீல்ட்சில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. அங்கே வெண்கோல் ஊன்றி நடப்பவர்களை நாள்தோறும் காண்கிறோம், சாலையைக் கடக்கக் கை கொடுக்கிறோம். அவர்களில் பலருடைய குறை மருத்துவத்துக்கு அப்பாற்பட்டது. கண்புரை அப்படியல்ல. 2014ஆம் ஆண்டின் தேசியக் கண் ஆய்வின்படி, இந்நாட்டில் 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் பாதிக்கும் மேற்பட்டதற்குக் காரணம் சிகிச்சை செய்யாத கண்புரையே. அரசாங்க மருத்துவமனைகளும், பெட்டாலிங் ஜெயாவில் உள்ள துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையும் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அறுவைக்குத் துணிந்து வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது பல நேரங்களில் பணமன்று. பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கண் போன கதைதான். ஒரு கண் கெட்டால் அந்தத் தாமானில் பத்துப் பேர் அறுவைக்குப் போகமாட்டார்கள்.

நன்கொடையாளர்களிடம் இதையொட்டி ஒரு வேண்டுகோள். கண்புரை அறுவைக்கு உதவும் அன்பர்கள் லென்சின் விலையை மனமுவந்து தருகிறார்கள். அறுவைக்கு மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து எனச் சில முறையாவது நோயாளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு மின்தூக்கி பழுதான நாளில் இது எளிதன்று. மகன் விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே போக்குவரத்துச் செலவையும் உதவியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பணம் கொடுக்க இயலாத இளைஞர்கள் காரும் இரண்டு மணி நேரமும் கொடுக்கலாம். மகளிர் பிரிவினர் முதல் வாரத்தில் காலையும் மாலையும் போய் மருந்து விட்டுவிட்டு, “அம்மா, நேத்தைவிட இன்னிக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு வரலாம். கிள்ளான் அம்மாவின் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு அப்படிக் கேட்க ஒருவர் இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பலரும் அறிவார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மருத்துவர் அவர். அங்கிருந்து கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி நோயாளிகளை அழைத்து வந்தார்கள், அறுவைக்குப் பின் திரும்பக் கொண்டுபோயும் விட்டார்கள். இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை, வழிச்செலவும் துணையும் சாப்பாடும் இல்லாமல் நின்றுவிடுகிறார்கள் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள்.

மருந்து முடியும் தறுவாயில், ஏறக்குறைய 4 முதல் 6 வாரத்தில், புதுக் கண்ணாடிக்கு அளவு எடுப்பார்கள். அதற்கு முன் அவசரப்பட்டுக் கடையில் செய்துகொண்டால் கண் நிலைப்பட்டதும் அது பொருந்தாமல் பணம் வீணாகும். பழைய கண்ணாடி ஒரு கண்ணுக்குச் சரியாகவும் மறு கண்ணுக்குத் தலைசுற்றலாகவும் இருக்கும் இடைக்காலத்தில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுவதற்கு இந்த வாரங்கள் ஏற்ற காலம், கால்மிதியை எடுத்துவிடுங்கள். கார் ஓட்டுவதை மருத்துவர் பார்வையை அளந்து சரி என்ற பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக ஒன்று தேறிய பிறகே அடுத்ததைத் தொடுகிறார்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கே காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணுமாகத்தான் கிடைத்தது, நடுவே திருவெண்பாக்கத்தில் பெற்ற ஊன்றுகோல்தான் அவருக்குத் துணை. முதல் கண்ணுக்கு எழுதி வைத்த காலண்டர் தாளைப் பத்திரப்படுத்துங்கள், இரண்டாம் கண்ணுக்கு உதவும்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் “புரை திரும்ப வளர்ந்துவிட்டது” என்று பயப்பட வேண்டாம். எடுத்த புரை மீண்டும் வராது. புது லென்சைத் தாங்கியிருக்கும் மெல்லிய சவ்வு சிலருக்கு மங்கலாகிவிடும். லேசர் ஒளியால் அதில் ஒரு சிறு திறப்பு ஏற்படுத்தினால் தெளிந்துவிடும். கத்தியில்லை, ஊசியில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி சில நிமிட வேலை. அன்று பாப்பா விரிக்கும் மருந்து விடுவதால் சில மணி நேரம் கண் கூசும். வீடு திரும்பத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.